மடிக்குப் பதிலாக ஓர் இருக்கை

மருத்துவமனையிலிருந்து மகளை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, கடம்தலாவைத் தாண்டிய ஒரு வளைவில் புள்ளிமான் ஒன்று சாலைக்குக் குறுக்கே பாய்ந்தது. என் கணவர் பிரேக்கை மிதித்தார். பின்சீட்டில் குழந்தையை மடியில் வைத்திருந்த மைனி, அதாவது என் கணவரின் அக்கா, முன்னால் கவிழ்ந்து குழந்தையின் மேல் அப்படியே வளைந்துகொண்டார். முன்சீட்டின் பின்பக்கத்தில் அவர் நெற்றி மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. மான் காட்டுக்குள் போய்விட்டது. குழந்தை விழிக்கக்கூட இல்லை. "மாதாவே, மாதாவே" என்று மைனி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் இரண்டு கைகளும் என் மடியில், வைத்த இடத்திலேயே இருந்தன.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். மேசையிலிருந்து டம்ளர் ஒன்று விழப்போனால்கூடக் கை தானாக நீளும். அன்று நீளவில்லை. ரங்கத் வந்து சேரும்வரை அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அவற்றின் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். வலி வந்ததும் என்னை ஆம்புலன்சில் ஏற்றி போர்ட் பிளேருக்குக் கொண்டு போனார்கள். ஊருக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது, ஆனால் எங்கள் வாயில் வருவது பழைய பெயர்தான். பிறந்தவுடன் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தினமும் போய்ப் பார்ப்பேன். மூக்கில் குழாய், பாதத்தில் ஒயர், என் உள்ளங்கை அகலத்துக்கு முதுகு. பக்கத்துப் பெட்டிக் குழந்தையின் அம்மா ஒரு தெலுங்குப் பெண், கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுவாள். நான் அழவில்லை. யாரோ ஒருவருக்கு வந்த பார்சலை என்னிடம் காட்டி, பத்திரமாக இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளச் சொன்னதுபோல இருந்தது. சரிபார்த்தேன். தாய்ப்பால் பிழிந்து கொடுத்தேன். வாழ்த்துச் சொன்னவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னேன். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது, எதுவும் உள்ளே இறங்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைச் சொல்லி அனுப்பினார். குறைமாதக் குழந்தைக்குக் கண்ணின் உள்ளே ரத்தக் குழாய்கள் ஒழுங்காக வளர்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தவறினால் பார்வை போய்விடலாம், ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் போர்ட் பிளேருக்குக் கொண்டு வர வேண்டும் என்றார். ரங்கத்திலிருந்து அது ஒரு பகல் பயணம். வளைவும் குழியுமான டிரங்க் ரோடு, நடுவில் ஒரு படகுத்துறை, அதற்கப்புறம் போலீஸ் காவலோடு வரிசையாகப் போகிற கான்வாய். இப்படி எத்தனை மாதம் என்று கேட்டதற்கு, கண் சொல்லும்வரை என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பயணங்களை எண்ணிப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த மான் திரும்பவும் ஞாபகம் வந்தது. மைனி எப்போதும் கூட வர முடியாது. அவருக்கு மூன்று பிள்ளைகள், ரங்கத் பஜாரில் கருவாட்டுக் கடை. வராத நாளில் குழந்தை என் மடியில்தான் இருப்பாள். பிரேக் போட்டால் என் கைகளுக்கு அவளைப் பிடிக்கத் தோன்றுமா? நழுவிவிடும் என்பதல்ல என் பயம், பயம் என்று அதைச் சொல்வதுகூடச் சரியில்லை. அவள் விழுந்த பிறகும் நான் இப்படியே உட்கார்ந்திருப்பேனோ என்று ஒரு கணக்குப்போல யோசித்தேன். இருப்பேன் என்றே தோன்றியது. ஆகவே என் கைகளை நம்பாத ஏற்பாடு ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தேன்.

குழந்தைகளுக்கான கார் சீட் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். ரங்கத்தில் யாரிடமும் பார்த்ததில்லை. மின்சாரத் துறை அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசைப் பெண், "இங்க யாரு அதெல்லாம் வாங்குறா? மெயின்லேண்ட்ல பைபாஸ் ரோடு, நூறுல போறாங்க. நம்ம ரோட்டுல நாப்பதுல போனாலே ஜாஸ்தி" என்றாள். நாற்பதில் போகிற வண்டி திடீரென்று நின்றால், உள்ளே இருப்பது அந்த நாற்பதிலேயே தொடர்ந்து போகும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அவளும் என்னோடு அதே பள்ளியில் அதே பெஞ்சில் படித்தவள்.

நெட் கொஞ்சம் ஓடும் நேரங்களில் படித்தேன். குழந்தை சாலையைப் பார்த்து அல்ல, வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் பிரேக் போடும்போது முதுகும் தலையும் கழுத்தும் ஒன்றாகச் சீட்டில் அழுந்தும், கழுத்து மட்டும் தனியாக முன்னால் வெட்டாது. முன்சீட்டில், ஏர்பேக் முன்னால் ஒருபோதும் வைக்கக் கூடாது. தோள் வார் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழேயோ புறப்பட வேண்டும். வாரைத் தோளருகே கிள்ளிப் பார்த்தால் விரலுக்குள் மடிப்பு அகப்படக் கூடாது. தடித்த உடுப்பு போட்டு வார் மாட்டக் கூடாது. எடை குறைந்த குழந்தைக்கென்றே அளவு சொல்லியிருக்கும் சீட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். இதையெல்லாம் படிக்க எந்த உணர்ச்சியும் தேவைப்படவில்லை. பிள்ளை பெற்றபின் எனக்குச் சுலபமாக வந்த முதல் வேலை அது.

வாங்குவதுதான் சுலபமில்லை. எந்தக் கடையில் அழுத்தினாலும் எங்கள் பின்கோடுக்கு அனுப்ப முடியாது என்று வந்தது. என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். போர்ட் பிளேரில் மெயின்லேண்ட் அதிகாரிகள் மாற்றலாகிப் போகும்போது வீட்டுச் சாமானை விற்றுவிட்டுப் போவது வழக்கம். எங்கள் வீட்டுக் கட்டில், பிரிட்ஜ், என் தையல் மெஷின் எல்லாம் அப்படி வந்தவை. தீவில் பாதிக் குடும்பம் யாரோ ஒரு அதிகாரியின் சோபாவில்தான் உட்கார்ந்திருக்கிறது. அப்படி ஒரு வீட்டில் கார் சீட் இருப்பதாகக் கேள்விப்பட்டு அழைத்துப் போனார். நல்ல கம்பெனி, துவைத்து வைத்த உறை. அந்த அம்மாள் அன்பாக டீ கொடுத்தார்.

நான் உறையைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அடியில் பிளாஸ்டிக்கில் வெள்ளையாக ஒரு கீறல், நகத்தால் கீறியதுபோல, ஆனால் உள்ளிருந்து வந்தது. ஏதாவது விபத்தில் இருந்ததா என்று கேட்டேன். அந்த அம்மாள் முகம் மாறிவிட்டது. அவருக்கும் தெரியவில்லை, அவரே அதை வேறொருவரிடம் வாங்கியவர். ஒருமுறை அடிபட்ட சீட் வெளியே நன்றாக இருப்பதுபோலவே தெரியும், அடுத்த அடியில்தான் உடையும். வேண்டாம் என்று சொல்லி எழுந்துகொண்டேன். வெளியே வந்ததும் என் கணவர், "டீயக் குடிச்சிட்டு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லுத. பாவம், அவங்க கியா சோச்சேங்கே?" என்றார். அவங்க என்ன நினைப்பாங்க என்பதுதான் அவருக்கு. எனக்கு அவமானமும் இல்லை, வருத்தமும் இல்லை. இன்னும் சீட் கிடைக்கவில்லை என்பது மட்டும் இருந்தது.

கடைசியில் அலுவலகத்தில் ஒருவர் லீவு முடிந்து சென்னையிலிருந்து வந்தபோது, புதிதாக ஒன்றை விமானத்தில் தன் லக்கேஜோடு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியைக் கூடத்தில் பிரித்து, கூடவந்த புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். குழந்தைக்குப் பதிலாக ஆட்டா பாக்கெட் ஒன்றைப் படுக்க வைத்து வாரை மாட்டிப் பழகினேன். மாட்டுவேன், கிள்ளிப் பார்ப்பேன், கழற்றுவேன். மகள் தொட்டிலில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டா பாக்கெட்டைத் தூக்கியதற்கும் அவளைத் தூக்கியதற்கும் எனக்கு வித்தியாசம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வண்டியில் பொருத்துகிற அன்று இன்னொரு சங்கடம். எங்களுடையது பழைய வண்டி. பின்சீட்டுக்கு பெல்ட் உண்டு, ஆனால் அதற்கு மேல் ரெக்சின் உறை போட்டுத் தைத்துவிட்டிருந்தார்கள். இங்கே பின்சீட்டில் யாரும் பெல்ட் போடுவதில்லை, அது குத்துகிறது என்று உறைக்கடியில் தள்ளிவிடுவார்கள். என் கணவர் படகு எஞ்சின் மெக்கானிக். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த மீனவக் குடும்பம், டிங்கிப் படகு முதல் எதைக் கட்டுவது என்றாலும் அவருக்குக் கயிறுதான். நைலான் கயிற்றுச் சுருளோடு வந்து நின்றார்.

"உறைய என்னத்துக்குக் கிழிக்கணும்? புது உறை. கயித்தப் போட்டு ஒரு முடிச்சு போட்டா டிங்கியே நிக்கும், இது நிக்காதா?"

"டிங்கி நாப்பதுல போயி சடார்னு நிக்காதுங்க. பெல்ட்தான் வேணும்."

"சுனாமியில தாங்குன முடிச்சு அது."

"புத்தகத்துல பெல்ட்டுன்னுதான் போட்டிருக்கு."

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். பிறகு பிளேடை எடுத்து உறையைக் கிழித்தார். பெல்ட்டை இழுத்து, சீட்டில் பெல்ட்டுக்கென்று போட்டிருந்த நீலக் குறிகள் வழியாகச் சுற்றி, தன் முழங்காலை அழுத்தி இறுக்கி மாட்டினார். சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. பக்கவாட்டில் போட்டிருந்த கோடு தரைக்குச் சமமாக வந்தது, அதுதான் சரியான சாய்வு. கயிற்றுச் சுருளை அவர் டிக்கியில் போட்டார், அதற்கப்புறம் அதை வெளியே எடுக்கவே இல்லை.

மைனிக்கு அந்தச் சீட்டைக் கண்டாலே ஆகாது. எந்த மைனியும் அப்படித்தான் என்று சொல்லிவிடலாம், ஆனால் இவருடைய காரணம் வேறு. அவருடைய மூன்று பிள்ளைகளும் டிங்கியிலும் லாரியிலும் பஸ்ஸிலும் அவர் மடியில் போய் வளர்ந்தவை. மடியில் இல்லாத குழந்தை அவருக்குக் கைவிட்ட குழந்தை.

"பச்சாவப் பெட்டியில போட்டு, நண்ட கட்டுத மாதிரிக் கட்டுதாளே" என்று என் கணவரிடம் சொன்னார், எனக்குக் கேட்கும்படியாகவே. "அவ கை என்ன ஆச்சு? பெத்தவளுக்கு மடி இல்லியா?"

அவர் சரியாகத்தான் கேட்டார். என் கை என்ன ஆனது என்றுதான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. "டாக்டர் சொல்லியிருக்காரு மைனி" என்றேன். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

முதல் இரண்டு பயணமும் ஒன்றுபோல நடந்தன. விடிந்ததும் கிளம்புவோம். சீட் இடது ஜன்னலோரம், நான் நடுவில், மைனி வலதுபுறம். பாராடாங் துறையில் வண்டி படகில் ஏறும்போது ஆட்கள் இறங்கி நடந்து ஏறுவது வழக்கம், வண்டியை ஓட்டுகிறவர் மட்டும் உள்ளே இருப்பார். அங்கே மகளைச் சீட்டிலிருந்து வெளியே எடுத்துவிடுவேன். தண்ணீர் மேல் போகும்போது குழந்தையை வண்டிக்குள் வாரில் மாட்டி வைத்திருக்கக் கூடாது என்பது ஒன்று. சின்னக் குழந்தை தொடர்ந்து அந்தச் சாய்வில் இருந்தால் மூச்சுக்கு நல்லதல்ல, இடையிடையே எடுத்துத் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. எடுத்த கையோடு மைனியிடம் கொடுத்துவிடுவேன். அவர் படகின் கம்பியோரம் நின்று அலையாத்திக் காட்டைக் காட்டி அவளோடு பேசுவார். இளநீர் விற்கிற வங்காளி அம்மாள் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "யே பச்சே கா குர்சி ஹை?" என்று, குழந்தைக்கு நாற்காலியா என்பதுபோலச் சிரிப்பாள். அக்கரையில் மிடில் ஸ்ட்ரெய்ட். திரும்பவும் சீட், வார், கிள்ளிப் பார்த்தல். பிறகு கான்வாய்.

வெளியூர்க்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும். மிடில் ஸ்ட்ரெய்ட்டிலிருந்து ஜிர்காடாங்வரை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக் காடு. அதற்குள் தனியாக ஒரு வண்டியும் போக முடியாது. வண்டிகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி, குறித்த நேரத்தில் போலீஸ் வண்டியோடு சேர்த்து அனுப்புவார்கள். கண்ணாடியை இறக்கக் கூடாது, முந்தக் கூடாது, எதற்காகவும் நிறுத்தக் கூடாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒரு குழாய்க்குள் போவதுபோலப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பாதை பிடித்திருந்தது. அங்கே யாரும் என்னிடம் எதுவும் எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது பயணத்தில் அக்கரை சேர்ந்ததும் நான் கழிப்பறைக்குப் போனேன். வரிசை நீளம். திரும்பி வருவதற்குள் கான்வாய் புறப்பட விசில் அடித்துவிட்டது. "ஜல்தி, ஜல்தி! காடி நிக்காலோ!" என்று வண்டியை எடுக்கச் சொல்லி போலீஸ்காரர் வரிசை நெடுகத் தட்டிக்கொண்டு வந்தார். ஓடி வந்தேன். மகள் ஏற்கெனவே சீட்டில் இருந்தாள், வார் மாட்டியிருந்தது. மைனிதான் மாட்டியிருக்கிறார். தலைக்குத் துணித் தொப்பி, தோளுக்குப் பின்னால் மெல்லிய பருத்தித் துண்டு. வாரைக் கிள்ளிப் பார்த்தேன், சரியாக இருந்தது. "பாத்தியா, நானும் கத்துக்கிட்டேன்" என்றார் மைனி. கதவை அடைத்தேன். வண்டி நகர்ந்தது.

காட்டுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் அவள் விழித்திருந்தாள். பிறகு கண் சொருகித் தூங்கிப்போனாள். நான் முன்னால் போகிற லாரியின் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுநடுவே திரும்பி அவளைப் பார்ப்பேன். அது பாசத்தால் பார்ப்பதில்லை, மீட்டர் பார்க்கிற மாதிரி. வயிறு ஏறுகிறதா, உதட்டு நிறம் சரியா, அவ்வளவுதான். ஒருமுறை திரும்பியபோது மோவாய் நெஞ்சில் பதிந்திருந்தது. வார் சரி, சாய்வு சரி, ஆனாலும் தலை முன்னால் தள்ளி மடங்கியிருந்தது. மூக்கிலிருந்து விக்கல்போல ஒரு சின்னச் சத்தம் வந்தது. தொண்டைக்குக் கீழே ஒரு குழி விழுந்து விழுந்து எழுந்தது. பிறகு சத்தம் நின்றது. உதட்டைச் சுற்றி நிறம் மாறிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க" என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"இங்கயா? இங்க எப்படி நிறுத்த?" என்றார் என் கணவர். "என்ன ஆச்சு?"

"நிறுத்துங்க!"

அவர் வேகத்தைக் குறைத்தார். பின்னாலிருந்த பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்தது. நான் அவள் தலைக்குப் பின்னால் கையைவிட்டேன். பருத்தித் துண்டுக்கடியில், தலைக்கும் சீட்டுக்கும் நடுவே கெட்டியாக ஏதோ ஒன்று இருந்தது. விரலுக்கடியில் பொடிப்பொடியாக உருண்டது. கடுகு. கடுகுத் தலையணை. பச்சைக் குழந்தைக்குத் தலை உருண்டையாக வர வேண்டும் என்று எங்கள் பக்கம் தைத்து வைப்பார்களே, அது. தொட்டிலில் வைக்க மைனி தைத்துத் தந்தது. அதை இங்கே கொண்டுவந்து பின்னந்தலைக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். அதுதான் அந்தச் சின்னத் தலையை முன்னால் தள்ளி மூச்சை அடைத்திருக்கிறது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். சிக்கியது. நெற்றியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் பிடுங்கினேன். தையல் விட்டு, கடுகு சீட்டெல்லாம் கொட்டியது. தலை பின்னால் சாய்ந்தது. வாய் திறந்தே இருந்தது.

அவள் மூச்சு விடவில்லை. நான் அவள் பாதத்தைச் சுண்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பெட்டியில் கிடந்தபோதுகூட ஒருநாளும் நான் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னதில்லை. திரும்பவும் சுண்டினேன். திடீரென்று ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தாள். பிறகு அழுதாள். அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு சத்தம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

நான் மைனியைப் பார்த்துத் திரும்பினேன். இப்போது எழுதும்போதுகூட உடம்பு சூடாகிறது. அடைத்த கண்ணாடிக்குள், நிறுத்தவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் போகிற வண்டிக்குள், வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். யாரைக் கேட்டு வச்சீங்க? யாரு உங்களைச் சீட்டுல கை வைக்கச் சொன்னா? என் பிள்ளைய என்ன பண்ணப் பாத்தீங்க? மூணு பெத்தவுகளுக்கு இவ்வளவுதானா அறிவு? இந்தியில் கத்தினேன், தமிழில் கத்தினேன். மூத்தவரை அப்படிப் பேசக் கூடாது என்பது எனக்குத் தெரியும், நிறுத்த முடியவில்லை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து என் உள்ளே எதுவும் அசையாமல் கிடந்தது. முதலில் அசைந்தது கோபம். அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரமே பழைய மரப்பு வந்து உட்கார்ந்துகொண்டது, மாதக்கணக்கில் வந்து வந்து போனது. ஆனால் அன்று கத்தும்போது "என் பிள்ளை" என்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

மைனியின் மடியெல்லாம் கடுகு. சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, "தலை சப்பையாப் போயிரும்னுதாம்பிள்ள. பொம்பளப் பிள்ள, பின்னல் போட்டா பின்னந்தலை நல்லா இருக்கணும்லா" என்றார்.

அதற்கப்புறம் ஜிர்காடாங்வரை நான் லாரியைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தலை சாயும்போதெல்லாம் தாங்கினேன். அழுது ஓய்ந்து, விரலைச் சப்பிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பின்னோக்கி உட்கார்ந்திருக்கிற குழந்தைக்குச் சாலை தெரியாது, பக்கத்தில் இருக்கிறவர் முகம்தான் தெரியும். இத்தனை பயணத்திலும் அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதை நினைத்ததும் எனக்குப் பயம் வந்தது. உண்மையான பயம். நின்றுபோன அந்த மூச்சு திரும்ப வராமல் இருந்திருந்தால் என்ற எண்ணம் அப்போதுதான் வந்து சேர்ந்தது, வெகு தாமதமாக.

ஜிர்காடாங் கேட் தாண்டி, வண்டிகள் பிரிந்து நிற்கும் இடத்தில் என் கணவர் ஓரங்கட்டினார். இறங்கி, கதவைத் திறந்து, வாரைக் கழற்றி அவளை எடுத்தேன். எப்போதும்போல மைனியிடம் நீட்டவில்லை. தோளில் போட்டுக்கொண்டேன். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. அப்படியே சாலையோரம் நின்றிருந்தேன். என் கணவர் சீட்டிலிருந்து கடுகைத் துடைத்துக்கொண்டிருந்தார், வாரின் இடுக்கிலிருந்துகூட ஒவ்வொன்றாக எடுத்தார். முகத்தை எங்கள் பக்கம் திருப்பவே இல்லை.

பாலூட்டி, மடியில் தட்டையாகப் படுக்க வைத்து, நிறம் பழையபடி ஆகிவிட்டதா என்று நகத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஆகிவிட்டிருந்தது. நேரே டாக்டரிடம் போய்க் கண்ணோடு சேர்த்து மூச்சையும் காட்டிவிடலாம் என்றார் என் கணவர். மைனி எனக்கு எதிரே தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஏ பிள்ள" என்றார். "இனி ஊரு கிட்டத்தான். அந்தப் பெட்டி வேண்டாம். என்கிட்டயும் குடுக்க வேண்டாம். உன் மடியிலயே வச்சிக்கிட்டு வா."

"வச்சிக்கிடணும் போலத்தான் இருக்கு மைனி" என்றேன். அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. அவளை விடவே கூடாது, இப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்று கைகள் இரண்டும் கெஞ்சின.

"அப்ப வச்சிக்கோயேன்."

"இல்ல. இன்னும் ரோடு இருக்கு."

எழுந்து போய் அவளைச் சீட்டில் படுக்க வைத்தேன். வாரை மாட்டினேன். இறுக்கம் சரியா என்று கிள்ளிப் பார்த்தேன். அன்று என் விரலை மட்டும் நம்ப மனம் வரவில்லை. மைனியைக் கூப்பிட்டு, அவரையும் ஒருமுறை கிள்ளிப் பார்க்கச் சொன்னேன்.